விற்கப் போகும் வீட்டுக்கு ஒரு சமையலறை: பட்டறை வேலையும் என் மதிப்பீடும்

அப்பா 1999-ஆம் ஆண்டில் சென்னை குரோம்பேட்டையில் வாங்கிய இரண்டு படுக்கையறை வீட்டை விற்பது என்று தம்பியும் நானும் சென்ற ஆண்டு முடிவு செய்தோம். அப்பா காலமான பிறகு அம்மா கோவையில் என்னோடு இருக்கிறார். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் ஆண்டுதோறும் சொத்து வரியும் கட்டிக்கொண்டு, மழைக்காலம் வந்தால் எந்தச் சுவரில் ஈரம் ஏறியிருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்று தோன்றியது. வீட்டைப் பார்க்க வந்த தரகர் கூடத்தையும் அறைகளையும் பார்த்துத் தலையசைத்தார். சமையலறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "மத்ததெல்லாம் வெள்ளையடிச்சாப் போதும்மா. இதை இப்படியே காட்டினா, இதைச் சொல்லியே விலையைக் குறைப்பாங்க" என்றார். அந்தச் சமையலறைக்கு எந்தப் பாணியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும், வேலையை ஏற்ற மரவேலைப் பட்டறை அதை எப்படிச் செய்துகொடுத்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். பாணியைத் தேர்ந்தெடுத்த காரணங்களைச் சொல்லாமல் பட்டறையின் வேலையை எடைபோட முடியாது என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய சமையலறை ஒன்பது அடிக்கு ஏழரை அடி. கிழக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு மடங்கிச் செல்லும் கருப்பு கிரானைட் மேடை. மேடைக்குக் கீழே சுவரில் பதித்த கடப்பா கல் தட்டுகள். அவற்றை மறைக்கப் பின்னாளில் போட்ட அலுமினியச் சட்டக் கதவுகள். மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு மட்டும் வெள்ளை ஓடு. அதற்கும் மேலே எண்ணெய்ப் புகை படிந்து பழுப்பேறிய சுவர். தலைக்கு மேல் கான்கிரீட் பரண். அம்மா அங்கே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் மூன்று வேளையும் சமைத்தார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அம்மாவின் கைக்குப் பழகிய இடம், புதிதாக வந்து பார்ப்பவர் கண்ணுக்கு இருண்ட மூலையாகத்தான் தெரியும் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நாம் குடியிருக்கப் போகும் வீட்டில் நம் பழக்கமே அளவுகோல். விற்கப் போகும் வீட்டில், இன்னும் முகம் தெரியாத ஒருவர் நாளைக் காலை அங்கே நின்று சமைக்கப் போகிறார். குரோம்பேட்டையில் 870 சதுர அடியில் பழைய வீட்டைத் தேடி வருபவர் யார் என்று யோசித்துப் பார்த்தோம். புதுக் கட்டடத்தின் விலை எட்டாமல், ரயில் நிலையமும் பள்ளிக்கூடமும் அருகில் இருந்தால் போதும் என்று வங்கிக் கடனை நம்பி வரும் சம்பளக் குடும்பம். வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். காலை ஏழரை மணிக்குள் மூன்று டிபன் டப்பாக்களை நிரப்பி அனுப்ப வேண்டியிருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது இட்லிக்கு மாவு ஆட்டுவார்கள். அந்தக் குடும்பத்தின் சமையல் தடையின்றி நடக்குமா என்ற கேள்வியைத்தான் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் கேட்டுக்கொண்டோம்.

முதலில் நாங்கள் போனது பெரிய நிறுவனம் ஒன்றின் காட்சிக்கூடத்துக்கு. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட்டுத் திறந்த சமையலறையாக்குவது, அந்த இடத்தில் உயரமான நாற்காலிகளோடு சிற்றுண்டி மேடை ஒன்று அமைத்து அடுப்பை அதில் பொருத்துவது, பளபளக்கும் அக்ரிலிக் கதவுகள், கைப்பிடிக்குப் பதிலாக விரல் நுழைக்கும் பள்ளம், வெள்ளை குவார்ட்ஸ் மேடை என்று கணினித் திரையில் அழகாக வரைந்து காட்டினார்கள். சிம்னியும் அடுப்பும் சேர்க்காமல் 4,60,000 ரூபாய் என்றார்கள். படம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. வெளியே வந்து, அந்தப் படத்துக்குள் ஒருவரை நிறுத்தி வெங்காய சாம்பார் தாளிக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாக இடறியது.

சுவரை எடுப்பதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்தாலும், கடுகும் மிளகாயும் வெடிக்கும் நெடியும் மீன் வறுக்கும் வாடையும் கூடத்துச் சோபாவில் போய்த் தங்கும். அடுப்பைச் சிற்றுண்டி மேடைக்கு மாற்றினால் சமைப்பவர் மேற்கு நோக்கி நிற்க நேரும். வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. வீடு வாங்க வருபவர்களில் பலர் முதலில் கேட்பதே அடுப்பு எந்தத் திசை என்பதைத்தான். எங்கள் சமையலறை தென்கிழக்கு மூலையில் அமைந்து, கிழக்குப் பார்த்துச் சமைக்கும்படி இருந்தது. காசில்லாமல் கிடைத்த அந்த வசதியைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன்? வெள்ளை குவார்ட்ஸ் கல்லில் பெரும்பகுதி கல்தூள்தான் என்றாலும், அதைப் பிடித்து வைத்திருப்பது பிசின். அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை அப்படியே வைத்தால் அந்தப் பிசின் நிறம் மாறும், உடனே துடைக்காத மஞ்சள் கறையும் அதில் தங்கிவிடும். கிரானைட்டுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. பளபளப்பான அக்ரிலிக்கில் ஒவ்வொரு விரலடையாளமும் தெரியும். விரல் நுழைக்கும் பள்ளத்தில் கடலை மாவும் எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுப்பாகப் படியும், அதைக் குச்சியால்தான் நெம்பி எடுக்க வேண்டும்.

திறந்த சமையலறைதான் நவீனம் என்று காட்சிக்கூடத்தில் அடிக்கடி சொன்னார்கள். தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து வரிசையாகப் பொருத்தும் இன்றைய மாடுலர் சமையலறைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926-இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தபோது, அது ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறிய தனி அறையாகத்தான் இருந்தது. கூடத்துக்குச் செல்ல ஒரு நகரும் கதவு. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், கை எங்கே எட்டுகிறது என்று கணக்கிட்டு அமைத்த அறை அது. எங்கள் சமையலறையும் ஏறக்குறைய அதே பரப்புதான் என்பது எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

அடுத்து, அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த ஆசாரி ஒருவரைக் கேட்டோம். வீட்டிலேயே அறுத்து, வீட்டிலேயே ஒட்டி, 1,30,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அவர் கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ப்ளைவுட்டின் வெட்டு விளிம்பைக் கையால் பசை தடவி ஒட்டும் பட்டை, நீராவியும் ஈரமும் உள்ள இடத்தில் ஓரிரு மழைக்காலத்துக்குள் வாய் பிளப்பதை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறோம். ரசீது தரும் வழக்கமும் அவருக்கு இல்லை. விற்கும் வீட்டில் ரசீது எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் இந்தப் பட்டறை. உரிமையாளரும் எட்டுப் பத்து வேலையாட்களும் கொண்ட சிறிய இடம். பலகையை இயந்திரத்தில் அறுத்து, விளிம்புப் பட்டையை இயந்திரத்திலேயே சூடான பசை கொண்டு அழுத்தி ஒட்டுகிறார்கள். அளவெடுக்க உரிமையாளரே வந்தார். எங்கள் கையில் இருந்த படங்களை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பாகவே சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து, முழங்காலிட்டு, பின்சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இங்க ஈரம் இருக்கு மேடம். வேஸ்ட் பைப் ஜாயின்ட்ல கசியுது. இதைச் சரி பண்ணாம நான் என்ன பெட்டி மாட்டினாலும் ஆறு மாசத்துல ஊறிடும். முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க" என்றார். காட்சிக்கூடத்திலிருந்து அளவெடுக்க வந்தவர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. வேலையை யாரிடம் கொடுப்பது என்பது எனக்கு அந்த நிமிடத்திலேயே தெளிவாகிவிட்டது.

கடப்பா கல்லை உடைக்க வேண்டாம் என்ற யோசனையும் அவருடையதுதான். பழைய சமையலறையை மாடுலராக மாற்றுவது என்றால், மேடைக்குக் கீழே உள்ள கற்களை எல்லாம் உடைத்து எடுத்துவிட்டுப் பெட்டிகளை வரிசையாக நிறுத்துவதுதான் பொதுவான வழக்கம். ஆனால் நிற்க வைத்திருக்கும் கடப்பா கற்கள்தான் மேல் உள்ள கிரானைட்டைத் தாங்குகின்றன. அவற்றை எடுக்கும்போது மேடை விரிசல் விடலாம், சுவரின் பூச்சும் கல்லோடு பெயர்ந்து வரும். அதற்கும் மேலாக, கடப்பா கல் தண்ணீரில் ஊறாது, கரையான் அரிக்காது, பாத்திரத்தின் எடையில் தொய்யாது. எந்த விலை கொடுத்து வாங்கும் பலகையும் சிங்குக்குக் கீழே அந்தக் கல்லுக்கு ஈடாகாது. எனவே சிங்க் இருக்கும் பக்கத்தில் கல் தட்டுகளை அப்படியே விட்டு, முன்பக்கம் மட்டும் ப்ளைவுட் சட்டமும் கதவும் பொருத்தினார். அடுப்புப் பக்கத்தில் கிடைமட்டத் தட்டுகளை மட்டும் கவனமாக அறுத்து எடுத்துவிட்டு, நிற்கும் கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மூன்று இழுப்பறைகளைச் செருகினார். பழைய கொத்தனார் நிறுத்திய கற்கள் மேலுக்கும் கீழுக்கும் முக்கால் அங்குலம் சாய்ந்திருந்தன. ஒவ்வோர் இழுப்பறைக்கும் இரு பக்கமும் தனித்தனி அளவில் பட்டி வைத்து அந்தச் சாய்வு வெளியே தெரியாதபடி செய்திருந்தார்கள். இன்று பார்ப்பவர் எவருக்கும் அது பாதி பழைய சமையலறை என்று தெரியாது.

கிரானைட் மேடையையும் மாற்றவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் மங்கியிருந்த கல்லை இருந்த இடத்திலேயே மெருகேற்றியதும் புதிதுபோல் ஆயிற்று. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்தில் வெட்டியெடுக்கும் கருப்புக் கல் கடல் கடந்து ஏற்றுமதியாகும்போது, நம் வீட்டில் உறுதியாக இருக்கும் கருப்புக் கல்லை உடைத்து எறிந்துவிட்டுப் பிசின் கலந்த கல்லைத் தேடிப் போவதை என் மனம் ஏற்கவில்லை. இதில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: மேடையின் உயரம் 32 அங்குலம். இப்போது புதிதாகப் போடுபவர்கள் 33, 34 அங்குலம் வைக்கிறார்கள். அந்த ஓரிரு அங்குலத்துக்காக மேடை முழுவதையும் உடைப்பதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ப்ளைவுட் விஷயத்தில் மட்டும் வாங்குபவர்கள் சற்றும் அசட்டையாக இருக்கக் கூடாது. கடைகளில் "எம்.ஆர்." என்று விற்கப்படுவது ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது, அதுவும் அதற்கு அடுத்த நிலையான, கொதிநீரையும் ஓரளவு தாங்கும் "பி.டபிள்யூ.ஆர்." பலகையும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரக்குறியீட்டின் கீழ் வருகின்றன. வியாபாரிகள் "மரைன்" என்றும் "710" என்றும் சொல்வது ஐ.எஸ். 710 தரம், அதன் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் விடாமல் இருக்க வேண்டும் என்பது விதி. சிங்க் பக்கமும் அடுப்புப் பக்கமும் 710, மேல் அலமாரிகளுக்கு பி.டபிள்யூ.ஆர். என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம். எல்லாவற்றுக்கும் 710 போட வேண்டும் என்பதில்லை; தண்ணீர் படாத பரண் கதவுக்கு அந்தச் செலவு வீண். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் இட்டால் அது எந்த நிறுவனத்துடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். பலகைக்கு மேல் ஒட்டும் மெல்லிய தகடான மைக்காவை ஒட்டுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பார்த்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும். ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுபோலவே இருக்கும்.

கைப்பிடிகளிலும் கூடைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. 304 தர எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பதால் விலை குறைவு, உப்புத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் துருப் புள்ளியும் வைக்கும். ஒரு கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், இது 304 என்றார்கள். காந்தம் 202-இலும் பெரும்பாலும் ஒட்டாது; அந்தச் சோதனையை நம்பி ஏமாறாமல், ரசீதில் தரத்தை எழுதித் தரச் சொல்வதுதான் நல்லது. எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் குழாய்களில் வெள்ளைப் படலம் படியவைக்கும் கடின நீர் என்பதால், இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, கீழ்க் கதவுகளுக்குத் தேக்கு ரேகை கொண்ட பளபளப்பில்லாத மைக்கா, மேல் கதவுகளுக்கு வெண்ணெய் நிறம். ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் கண்மட்டத்துக்கு மேலே வெளிர் நிறம் இருந்தால் அறை அகன்று தெரிகிறது; காலும் துடைப்பமும் சொட்டும் நீரும் படும் கீழ்ப்பகுதியில் மரநிறம் அழுக்கைக் காட்டிக்கொடுக்காது. மாவு பிசைந்த கையோடு ஒரே விரலால் இழுக்கும்படியான நீளமான எவர்சில்வர் கைப்பிடிகளை வைத்தோம். சுவர் ஓடுகளை மேடையிலிருந்து மேல் அலமாரியின் அடிவரை ஏற்றினோம். பூவேலை எதுவும் இல்லாத வெள்ளை ஓடு, இடைக்கோடுகளில் சாம்பல் நிற எபாக்ஸிப் பூச்சு. ஓட்டுக் கடையில் நீலப் பூக்கள் கொண்ட ஓடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் வீடாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் நிறத்தையும் பூவையும் வருபவர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். நம் விருப்பத்தை உரித்து எடுக்கும் வேலையை அவருக்கு மிச்சம் வைக்கக் கூடாது. அதே எண்ணத்தில்தான் சிம்னியையும் வாங்கி மாட்டவில்லை: அடுப்புக்கு மேல் இரண்டடி அகலத்துக்கு இடம் விட்டு, புகைக்குழாய்க்கு ஆறு அங்குலத் துளையும் மின்இணைப்பும் கொடுத்து, துளைக்கு ஒரு மூடி போட்டோம். ஜன்னலில் புதிய எக்ஸாஸ்ட் விசிறி வைத்தோம்.

பழைய சமையலறையில் 15 ஆம்பியர் இணைப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மிக்ஸி ஓடும்போது கிரைண்டரை நிறுத்திவிட்டு மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்த அம்மாவின் காலம் வேறு. தெற்குப் பக்க மேடையில் கிரைண்டர் நிரந்தரமாக உட்காரும் அளவுக்கு மேல் அலமாரியின் ஆழத்தைக் குறைத்து, அங்கே இரண்டு பெரிய இணைப்புகளும், குடிநீர் சுத்திகரிப்பானுக்கு ஒன்றும், மிக்ஸிக்கு ஒன்றும், ஃபிரிட்ஜுக்குத் தனியாக ஒன்றும் கொடுத்தோம். தினம் தூக்கி வைக்க முடியாத எடையுள்ள கிரைண்டருக்கு இடம் ஒதுக்காமல் வரையப்படும் எந்தச் சமையலறையும் நம் ஊருக்கான சமையலறை ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

பட்டறையின் வரைபடத்தில் நான் திருத்தம் கேட்ட ஒரே இடம் சிலிண்டர் பெட்டி. அழகுக்காக அதை நான்கு பக்கமும் மூடிய அலமாரியாக வரைந்திருந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே கதவின் கீழ்ப்பகுதியில் சாய்வுச் சட்டங்கள் வைத்துக் காற்று போகும்படி செய்யச் சொன்னோம். உரிமையாளர் உடனே ஒப்புக்கொண்டார். இருந்தாலும், நாங்கள் சொல்லாமலே செய்திருக்க வேண்டிய வேலை அது.

மற்றக் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். 21 நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலை 36 நாள் ஆயிற்று. நடுவே ஒரு வாரம் தொலைபேசியை எடுத்தவர்கள் "நாளைக்கு வந்துடுவோம்" என்று மட்டுமே சொன்னார்கள். கோவையிலிருந்து இரண்டு முறை வந்து காத்திருந்து திரும்பியதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. திரையில் காட்டிய வெண்ணெய் நிறத்துக்கும் வந்து இறங்கிய மைக்காவுக்கும் வேறுபாடு இருந்தது. மைக்காவின் சிறு துண்டைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாதது எங்கள் தவறும்தான். இவை எல்லாவற்றையும்விடப் பெரிது, சிங்க் பக்கச் சட்டத்துக்கு அறுத்து வைத்திருந்த பலகைகளில் ஒன்றில் 303 முத்திரை இருந்ததைப் பட்டறைக்குப் போன தம்பி கண்டுபிடித்தது. வேறு வீட்டுக்கான பலகை கலந்துவிட்டது என்று உரிமையாளர் விளக்கம் சொன்னார். தம்பியின் கண்ணெதிரிலேயே அதை ஒதுக்கிவிட்டு 710 பலகையை அறுக்கச் செய்தார். வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. தம்பி அன்று போகாமல் இருந்திருந்தால் அந்தப் பலகை எங்கே போயிருக்கும் என்ற கேள்வி மட்டும் எனக்குள் இன்னும் இருக்கிறது.

செய்து முடித்த வேலையில் நேர்த்தி இருந்தது. இழுப்பறைகள் முழு நீளத்துக்கும் வெளியே வருகின்றன. அரிசி டப்பாவின் எடையோடும் ஓசையின்றி மூடுகின்றன. கதவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவு. விளிம்புப் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன், எங்கும் எழும்பவில்லை. வேலை முடிந்த அன்று குப்பையை அவர்களே அள்ளிச் சென்றார்கள்.

பட்டறைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட 1,92,000 ரூபாய் கொடுத்தோம். பிளம்பர், ஓடு, மின்வேலை, கல் மெருகேற்றல் எல்லாவற்றுக்குமாக இன்னொரு 61,000 ரூபாய் ஆயிற்று. வீட்டை விற்று வரும் நீண்டகால மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது, வீட்டை மேம்படுத்தச் செய்த மூலதனச் செலவைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. சுவரோடு பொருத்திய வேலைக்கு அது பொருந்தும், தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாதனங்களுக்குப் பொருந்தாது என்று எங்கள் கணக்காளர் விளக்கினார். செலவை நிரூபிக்க முறையான ரசீதும் வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் பதிவும் வேண்டும். ஆசாரியின் குறைந்த விலையைக் கேட்டபோது நான் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பட்டறையிடம் ரசீதை வாங்க மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஒவ்வொரு பொருளின் தரத்தையும் குறித்துத் தெளிவாகவே கொடுத்தார்கள்.

வீட்டை நான்கு குடும்பங்கள் பார்த்தன. அவர்கள் சமையலறையில் என்ன செய்தார்கள் என்பதை நான் கூர்ந்து கவனித்தேன். முதலில் வந்தவர் அடுப்படியில் நின்று கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டாவதாக வந்த உயரமான இளைஞர், தாமே சமைப்பவர் என்பதால், மேடை சற்றுத் தாழ்வாக இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். மூன்றாவது குடும்பம் சிம்னி ஏன் இல்லை என்று கேட்டது. இடமும் துளையும் தயாராக இருப்பதைக் காட்டியதும் திருப்தியானார்கள், ஆனால் அவர்களுக்குக் கார் நிறுத்துமிடம் போதவில்லை. நான்காவதாக வந்த குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே சமையலறைக்குள் போனார்கள். மருமகள் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "கிரைண்டர் இங்க வச்சிக்கலாம் அத்தை" என்று நாங்கள் ஒதுக்கிய அதே மூலையைக் காட்டினார். மாமியார் சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே கையை விட்டுத் தடவினார். "கடப்பா கல்லை அப்படியே விட்டிருக்காங்க, நல்லது" என்றார். விலை பேசும்போது அவர்கள் குளியலறையின் பழைய ஓடுகளைச் சொல்லிக் குறைத்துக் கேட்டார்கள். சமையலறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர்களுக்கே வீட்டைக் கொடுத்தோம்.

நாள் குறித்து அவசரமாக முடிக்க வேண்டியவர்களுக்கு இந்தப் பட்டறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியூரில் இருந்துகொண்டு தொலைபேசியிலேயே வேலையை நடத்த நினைப்பவர்களுக்கும் சரிவராது. உள்ளூரில் ஒருவர் வாரம் ஒரு முறையாவது பட்டறைக்குப் போய்ப் பலகையின் முத்திரையைப் பார்க்க முடியும் என்றால், பழைய வீட்டில் உடைக்க வேண்டியது எது, விட்டுவைக்க வேண்டியது எது என்று பிரித்துச் சொல்லும் இவர்களுடைய அறிவு அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு மதிப்புள்ளது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று தாமதத்துக்கும் அந்த 303 பலகைக்கும்.

இன்னொன்றையும் கேட்டுப் பெற்றோம். ஐந்து ஆண்டு உத்தரவாதம் என் பெயரில் இருந்தால் வீட்டை வாங்குபவருக்குப் பயனில்லை என்பதால், பத்திரப்பதிவுக்கு முந்தின வாரம் உரிமையாளரிடம் சொல்லி, அதைப் புது வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றி முத்திரையிட்ட கடிதமாக வாங்கிச் சாவியோடு கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துக் கதவுக் கீல்களைச் சரிபார்க்க ஆள் அனுப்புவதாக அதில் எழுதியிருந்தது. சொன்ன மாதத்தில் ஆள் வந்து இரண்டு கதவுகளைச் சீர்செய்துவிட்டுப் போனதாக அந்த மருமகள் தொலைபேசியில் சொன்னார். ஐப்பசி மழை அப்போது பெய்து ஓய்ந்திருந்தது. சிங்குக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்து வந்து, காய்ந்தே இருக்கிறது என்றார்.